பச்சையாக நின்ற சவுக்கு

"சாமி, நாளைக்கு எனக்குக் காவி உண்டா, இல்லையா?"

வைரவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஜவுளிக்கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, இந்தக் குன்றடி மடத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. குரு அவரைவிட வயதில் சின்னவர். இருந்தாலும் குரு குருதானே, கைகட்டித்தான் நின்றார்.

"உங்க வீட்டம்மா வரட்டும்," என்றார் குரு.

அந்த மடத்து வழக்கம் அது. கல்யாணம் ஆனவருக்குக் காவி கொடுக்கும் முன், மனைவி நேரில் வந்து குருவின் முன்னால் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல சாமி. நான் கிளம்பும்போதுகூட சிரிச்ச முகமாத்தான் வழியனுப்பினா."

குரு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவங்க வர்றதுக்குள்ள வேலியைப் பாத்துட்டு வந்துடுவோம்," என்று எழுந்தார்.

"வெயில் தாழட்டுமே சாமி," என்று இழுத்தார் வைரவன்.

மடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சவுக்கு வேலி. வந்த அன்றே குரு அவர் கையில் குடத்தைக் கொடுத்து, "ஒரு வருஷம் இதுக்குத் தண்ணி ஊத்துங்க, வேற ஒண்ணும் செய்ய வேணாம்," என்று சொல்லியிருந்தார். மண்ணுக்கு அடியில் பாறை. வேர் ஆழமாகப் போக வழியில்லை. மனுஷன் ஊற்றினால்தான் உண்டு.

சித்திரையில் வைரவன் ஊற்றிய ஊற்றில் கிணறே பயந்திருக்கும். ஆடிக் காற்றிலும் விடவில்லை. ஐப்பசியில் மழை பிடித்ததும் குடத்தைக் கவிழ்த்தார். மழை விட்ட பிறகும் நிமிர்த்தவில்லை. மார்கழிப் பனியில் வேலி பச்சைப்பசேலென்று நின்றது. பச்சையாக நிற்கிற மரத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது? குடம் தூக்குகிற நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் தியானம் செய்யலாமே என்று உட்கார்ந்துவிட்டார். தையும் மாசியும் மூடிய கண்ணுக்குள்ளேயே போய்விட்டன.

பங்குனியில் ஒரு மரம் பழுப்படித்தது.

பதறிப்போய்க் குடம் குடமாகக் கொட்டினார். மரம் கண்டுகொள்ளவில்லை. காவி கைநழுவிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. நேற்று யாரும் பார்க்காதபோது பழுப்புக் கிளைகளை ஒடித்து எறிந்துவிட்டு, பக்கத்து மரங்களின் பச்சைக் கிளைகளை இழுத்து, வாழை நாரால் அந்த இடத்தில் கட்டிவைத்தார். ஜவுளிக்கடைக்காரருக்குக் கிழிசலை மறைக்கத் தெரியாதா?

குரு வேலியோரமாக நடந்தார். இலையில் கையை ஓடவிட்டபடி நடந்தார். பின்னால் வைரவன், மூச்சை அடக்கிக்கொண்டு.

கை நின்றது.

நாரைத் தொட்டது. முடிச்சை அவிழ்த்தது. கிளைகள் தங்கள் மரத்துக்கே துள்ளித் திரும்பின. நடுவில் மொட்டைக் குச்சி நின்றது.

"மன்னிச்சிடுங்க சாமி. இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

"பக்கத்து மரத்தைக் கீறுங்க."

"அது பச்சையா இருக்கே சாமி."

"கீறுங்க."

வைரவன் நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை இல்லை. காய்ந்த விறகின் நிறம்.

நம்ப முடியாமல் அதற்கடுத்த மரத்தைக் கீறினார். அதுவும் அப்படித்தான்.

"எப்பலேர்ந்து சாமி இப்படி?"

"தையிலயே ஆரம்பிச்சிருக்கும். சவுக்கு சட்டுன்னு காட்டிக்காது. உள்ள காஞ்சப்புறமும் ரொம்ப நாள் பச்சையாத்தான் நிக்கும்."

"தினம் பக்கத்துலதானே நடந்தேன்! இதுல ஒரு இலைகூட வாடலையே!"

"இன்னும் அடியில கீறிப் பாருங்க."

வைரவன் மண்டியிட்டார். மண்ணை ஒட்டிக் கீறினார். பட்டைக்குள் மெலிசாக ஒரு பச்சைக் கோடு.

"உயிர் இருக்கு சாமி! தண்ணி ஊத்தினா பிழைச்சுக்குமா?"

"ஊத்தினாத்தான் தெரியும்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வைரவனின் மனைவி உமையாள் ஆச்சி இறங்கி வந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, சிரித்த முகம். மண் ஒட்டிய வேட்டியோடு எழுந்து நின்ற கணவரைப் பார்த்தும் அந்தச் சிரிப்பு மாறவில்லை. குருவை வணங்கினார்.

"எனக்குப் பூரண சம்மதம் சாமி. அவுக ஆசைப்பட்டபடி நடக்கட்டும். எனக்கு ஒரு குறையும் இல்ல."

மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

குரு வைரவன் பக்கம் திரும்பினார்.

"வேலி கிடக்கட்டும். வழக்கப்படி அவங்க வார்த்தை போதும். நாளைக்கு உங்களுக்குக் காவி உண்டு."

ஒரு வருஷமாகக் காத்திருந்த சொல். வைரவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் மனைவியின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து பிந்தி வந்த நாளெல்லாம் கதவைத் திறந்துவிட்ட சிரிப்பு. வழியனுப்பிய அன்று முகத்தில் இருந்த சிரிப்பு. அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது பார்க்கப் பயமாக இருந்தது.

இரண்டடி கிட்டே போனார்.

"உமையா, நெசத்தைச் சொல்லு. எப்பலேர்ந்து?"

ஆச்சி குருவைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். உதடு கோணியது.

"தியானம் பண்ணணும்னு பாயைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போனீகளே. அன்னைக்கிலேர்ந்து."