இரையும் டிரம்

"டீச்சர், இது அவங்க அண்ணனோட டிரம்தானான்னு எனக்குச் சொல்லத் தெரியல," என்றார் ஜெபசிங்.

பியூலா டீச்சர் ஒரு வயலினுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பழைய வாத்தியங்களைச் சீர்செய்வதில் தூத்துக்குடியில் அவருக்குப் பெயர் உண்டு. ஜெபசிங் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவரிடம் தொழில் படிக்க வந்தவர். குருவைவிட மாணவருக்கு வயது அதிகம்.

டிரம்மைக் கொண்டுவந்தவர் மெற்றில்டா. அவருடைய அண்ணன் ரெமிஜியுஸ், மாதா கோயில் பேண்டில் சைடு டிரம் வாசித்தவர். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணியோடு போனார். தோணியும் வரவில்லை, அவரும் வரவில்லை. கொஞ்ச காலத்தில் பேண்டும் கலைந்தது.

இத்தனை வருஷம் கழித்து யாரோ ஒரு டிரம்மை வீட்டில் கொண்டுவந்து வைத்து, "உங்க அண்ணனோடதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேண்டில் எல்லோரும் வைத்திருந்தது ஒரே அச்சு டிரம்.

மெற்றில்டா கேட்டது ஒன்றுதான்.

"இது அவனோடதா? அவனோடதுன்னா வச்சுக்கிடுவேன். இல்லன்னா விலைக்குக் கேட்டு வந்திருக்க ஆளுக்குக் குடுத்துருவேன். வேற யாரோடதையோ வச்சு அழ என்னால முடியாது."

"பார்த்ததுல என்ன தெரிஞ்சுது அண்ணாச்சி?" டீச்சர் கேட்டார்.

"பித்தளைக் கூடு. மர வளையம். கயிறு இழுத்துத் தோலை முறுக்குற பழைய வகை. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாள டிரம் மாதிரி இருக்கு. நல்ல விலை போகும்."

"அவங்க கேட்டது அதுவா?"

"இல்ல."

"அப்ப முதல்ல அதை வாசிக்கிற மாதிரி ஆக்குங்க."

ஜெபசிங் ஆக்கினார்.

கிழிந்த தோலைக் கழற்றினார். புதுத் தோலை ஊறவைத்து வளையத்தில் ஏற்றி நிழலில் காயவிட்டார். பித்தளையில் விழுந்திருந்த நசுங்கலை உள்ளிருந்து கட்டை வைத்து மெல்லத் தட்டி எடுத்தார். அடித்தோலை ஒட்டி ஓடும் நரம்புத் தந்திகளைப் புதிதாக இழுத்துக் கட்டினார்.

கை வேலை செய்தது. கண் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஒரு பெயர், ஓர் எழுத்து. கீறலைக் கண்டால் 'ர' மாதிரி தெரிந்தது. துடைத்தால் வெறும் கீறல்.

தன் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்காக ஒரு வீடு காத்திருக்கிறது என்ற நினைப்பு அவரை விடவில்லை.

கடைசிக் கயிற்றை முடிச்சிட்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சுது டீச்சர்."

*ஸ்ர்ர்ர்.*

டிரம்மை யாரும் தொடவில்லை.

"என்னது?"

*ஸ்ர்ர்.*

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன்!"

*ஸ்ர்ர்ர்.*

அவர் பதறிப்போய் ஒரு துணியை மடித்து நரம்புக்கும் தோலுக்கும் நடுவே திணித்தார். டீச்சர் எழுந்து வந்து துணியை உருவி மேசைமேல் போட்டார்.

"இரையுது டீச்சர்."

"நீங்க பேசுனா இரையுது."

"நிறுத்தணுமே. அவங்க இப்ப வந்துருவாங்க."

டீச்சர் டிரம்மின் பக்கவாட்டிலிருந்த பிடியைத் திருப்பினார். நரம்புகள் தளர்ந்து தோலைவிட்டு விலகின. ஒரு குச்சியை நீட்டினார்.

ஜெபசிங் தட்டினார். *டொம்.* காலி அரிசி டின்னைத் தட்டியது போல இருந்தது.

டீச்சர் பிடியை மறுபடி இறுக்கினார். ஜெபசிங் தட்டினார். *ட்ரப்!* அறை நிமிர்ந்தது.

"எது வேணும்?"

ஜெபசிங் துணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லா சைடு டிரம்மும் இப்படித்தானா டீச்சர்?"

"நரம்பு சரியா நின்னா, எல்லாம்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மெற்றில்டா உள்ளே வந்தார். "தெரிஞ்சுதா?" என்றார்.

*ஸ்ர்ர்.*

அப்படியே நின்றுவிட்டார்.

"மாதாவே..."

*ஸ்ர்ர்ர்.*

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"இதை அவன் கட்டிலுக்கடியில வச்சிருப்பான். நாங்க சத்தமாப் பேசுனா இப்படித்தான் கேட்கும். 'ஏ, அது முழிச்சிருச்சு, மெதுவாப் பேசுங்க'ம்பான்." கண்ணைத் துடைத்தார். "அவனோடதுதான். நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி."

ஜெபசிங்குக்கு மூச்சு வந்தது. அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதோடு முடிந்திருக்கும்.

டீச்சரைப் பார்த்தார். அவர் மறுபடி எடுத்திருந்த பசைத் தூரிகை அசையாமல் நின்றது.

"யம்மா," என்றார் ஜெபசிங். குரல் நடுங்கியது. டிரம்மும் நடுங்கியது. "உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. நரம்பு சரியா நின்னா எல்லா சைடு டிரம்மும் இப்படி இரையும். இது உங்க அண்ணனோடதுதான்னு எனக்குத் தெரியாது."

அறையில் யாரும் பேசவில்லை. டிரம்மும் சும்மா இருந்தது.

மெற்றில்டா வெகுநேரம் தோலின் மேல் கையை வைத்திருந்தார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவர் எழுந்து டிரம்மை இடுப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"பேண்டு டிரம் மத்ததுங்க கோயில் அறையில கேட்பாரில்லாமக் கெடக்கு," என்றார். "எல்லாத்துலயும் அவன் சத்தம் இருக்குல்லா. நாளைக்கு அதுகளையும் கொண்டு வாரேன்."