முப்பத்தெட்டில் நின்ற டிஸ்க்

"டீச்சர், இது செத்துப் போச்சு" என்றார் தனிஸ்லாஸ்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தொன்பது வயதில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்க வந்திருந்தார். அவருடைய டீச்சர் ஜைனம்புக்கு முப்பத்தொன்று.

மேஜைமேல் பழைய கம்ப்யூட்டர் ஒன்று திறந்து கிடந்தது. பார்வையற்றோர் பள்ளியுடையது. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். இரண்டுமே தேய்ந்து போயிருந்தன. பத்தாம் வகுப்புப் பாடங்களெல்லாம் குரல்பதிவாக அவற்றில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமை பரீட்சை.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த ஆசிரியை எப்சிபா கடை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் பார்வை கிடையாது.

முதல் டிஸ்க்கைப் புதியதில் நகல் எடுக்க ஆரம்பித்திருந்தார் தனிஸ்லாஸ். முப்பத்தெட்டு சதவீதத்தில் நின்றுவிட்டது.

"மூணு மணி நேரமா அந்த இடத்தையே கேட்டுக்கிட்டு இருக்கேன். தர மாட்டேங்குது."

ஜைனம்பு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"அதுக்கு அடுத்து இருக்கிறதக் கேட்டீங்களா, அண்ணே?"

"இத விட்டுட்டு எப்படிப் போறது? பிள்ளைங்க பாடமாச்சே!"

அவள் ஒரு விசையைத் தட்டினாள். நின்ற இடத்தைத் தாண்டி நகல் ஓடியது.

தனிஸ்லாஸ் திரையில் ஏறிய சதவீதத்தையே பார்த்தார்.

ஐம்பது. எழுபது. முடிந்தது.

"விட்ட இடம்?"

"ஆறட்டும்."

டீ வாங்கிக் குடித்தாள். அவருக்கு டீ இறங்கவில்லை.

டிஸ்க் ஆறியதும், விட்ட இடத்தை மட்டும் கடைசியிலிருந்து தலைகீழாகப் படிக்க வைத்தாள். துளித்துளியாக வந்தது. பிறகு மளமளவென்று வந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

தனிஸ்லாஸ் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஒரு பாடத்தைத் திறந்தார்.

"அறிவியல். பாடம் ஏழு" என்றது ஸ்பீக்கர்.

"அது என் குரல்!" எப்சிபா துள்ளி எழுந்து கை தட்டினார். "என் குரல்தாங்க!"

தனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?"

"எனக்கு எங்க தெரியும்!" என்றாள் ஜைனம்பு.

அவர் அவளையே பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டாவது டிஸ்க்கை அவரே இணைத்தார். இருபத்தொன்றில் நின்றது.

அதே விசையைத் தட்டிவிட்டு, டீ வாங்கப் போனார்.