வரியன் புதைத்து வைத்த எண்

மூங்கில்காட்டு ஏரிக்கரையில் ஒரு மருதமரம். அதன் பொந்துதான் ஏரி அலுவலகம். அணில் வரியனுக்கு அங்கே வேலை. ஏரித் தண்ணீர் கரைக்கல்லில் வரைந்த சிவப்புக் கோட்டைத் தொட்டதும் லேப்டாப்பில் "மதகைத் தூக்கு!" என்று செய்தி அனுப்ப வேண்டும்.

ஏரியின் மறுகோடியில் மதகைக் காக்கும் யானை கொம்பையா அந்தச் செய்தியைப் பார்த்தால்தான் அசைவார். வாய்ச்சொல்லை நம்பவே மாட்டார். ஒருமுறை நரி பொய் சொல்லி மதகைத் திறக்க வைத்து, மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அப்படி!

மாலையானால் வரியன் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிப் போவான். வீட்டு வைஃபை, நெட்வொர்க்கில் சேரத் தேவையான ஐபி எண்ணைத் தானாகவே அதற்குக் கொடுத்துவிடும். அலுவலகத்தில் அந்தச் சலுகை கிடையாது. பன்னிரண்டு இலக்க எண் ஒன்றை நாமே தட்டினால்தான் நெட்வொர்க் வரும். அதை அழிக்காவிட்டால் வீட்டில் வைஃபை வராது. ஆகவே காலையில் தட்டுவான், மாலையில் அழிப்பான். மறுநாள் மறுபடியும் அதே பாடுதான்.

அலுவலகத்தில் நீர்மட்டம் அளக்கும் தவளை பச்சையம்மாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏன் வரியா இந்தப் பாடு? லேப்டாப் செட்டிங்ஸ்ல மாற்று அமைப்புன்னு ஒரு இடம் இருக்கு. அதுல ஆபீஸ் நம்பரை ஒரு தடவை போட்டு வை. தானா நம்பர் கிடைக்கலேன்னா, இதை எடுத்துக்கும். தண்ணிக்குள்ள குதிக்கிறப்பல்லாம் நான் உட்கார்ந்து மூச்சையா மாத்திக்கிட்டு இருக்கேன்? தண்ணி மூச்சு, தரை மூச்சு ரெண்டும் எனக்குள்ளேயே இருக்கு!"

வரியனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் வேலை எனக்குத் தெரியும்! நம்பரைப் பூவரசு இலையில கீறி பத்திரமா வெச்சிருக்கேன். எங்க வம்சத்துல எதையும் தொலைச்சதா சரித்திரமே இல்ல!"

பத்திரம் என்றால் அணில் பத்திரம்! தினமும் இலையைத் தோண்டி எடுப்பான், பார்த்துத் தட்டுவான், பிறகு யார் கண்ணிலும் படாத ஒரு புது இடத்தில் புதைப்பான்.

ஐப்பசி வந்தது. மழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் வரியன் அலுவலகத்துக்குள் நுழையும்போதே பச்சையம்மா கத்தினாள்.

"தண்ணி கோட்டைத் தொட்டிடுச்சு! அனுப்பு, அனுப்பு!"

வரியன் லேப்டாப்பைத் திறந்தான். நெட்வொர்க் இல்லை! எண் வேண்டும். எண் இலையில் இருக்கிறது. இலை எங்கே?

கரையில் பாய்ந்து ஓடித் தோண்டினான். ஒரு புளியங்கொட்டை வந்தது. இன்னோர் இடத்தில் போன வருஷத்து வேர்க்கடலை. மூன்றாவது இடத்தில் வெறும் சேறு! கரைக்குக் கீழே முயல் வெள்ளைச்சியின் வளை. அதற்குள் கண் திறக்காத ஆறு குட்டிகள்! ஏரி நிரம்பி வழிந்தால் முதலில் மூழ்குவது அதுதான். வீட்டுக்குப் போய் அனுப்பலாம் என்றால் அதற்குள் ஏரி வழிந்துவிடும். மதகுக்குக் கரையைச் சுற்றி ஓடலாம் என்றால் அரைநாள் ஆகும். ஓடிப்போய்ச் சொன்னாலும் கொம்பையா நம்பப்போவதில்லை.

"எங்கே வெச்சேன்? எங்கே வெச்சேன்?" என்று வரியன் அழுதுகொண்டே தோண்டினான்.

அப்போது வெள்ளைச்சி குட்டி ஒன்றை அணைத்தபடி நனைந்து மேலே வந்தாள். அவள் வாயில் ஏதோ இருந்தது. அதைத் துப்பிவிட்டுச் சீறினாள்.

"என் வீட்டுக் கூரையைத் தோண்டினது யாரு? மண்ணு சரிஞ்சு இந்த இலை என் பிள்ளைங்க மேல விழுந்துச்சு!"

பூவரசு இலை! வரியன் அதைப் பறித்துக்கொண்டு பொந்துக்குள் பாய்ந்தான்.

"மாற்று அமைப்புல போடு!" என்று பச்சையம்மா அலறினாள். இந்தத் தடவை வரியன் சொன்னபடியே கேட்டான். பன்னிரண்டு இலக்கத்தையும் அவள் காட்டிய இடத்திலேயே தட்டினான். நெட்வொர்க் வந்தது! செய்தி பறந்தது! மறுநிமிடமே, "தூக்கியாச்சு" என்று கொம்பையாவின் பதில் வந்தது.

தண்ணீர் மெல்லமெல்லக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. ஆறு குட்டிகளும் பிழைத்தன. வரியன் மூன்று குட்டிக்கரணம் போட்டான். பிறகு பழக்கதோஷத்தில் புதைக்க இலையைத் தேடினான்.

பின்னாலேயே வந்திருந்த வெள்ளைச்சி அதைக் காம்புவரை தின்று முடித்திருந்தாள்.

"அய்யய்யோ! நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"கூரைக்கு நஷ்ட ஈடுன்னு வெச்சுக்கோ!" என்றாள் வெள்ளைச்சி.

அன்று மாலை லேப்டாப் வீட்டுக்குப் போனது. வீட்டில் வைஃபை வழக்கம்போலத் தானாக வந்தது. மறுநாள் காலை வரியன் அலுவலகத்தில் அதைத் திறந்தான். ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. நெட்வொர்க் தானாக வந்து நின்றது!

"பச்சையம்மா! வந்துடுச்சு! தானாவே வந்துடுச்சு!" என்று மரம் அதிரக் கத்தினான். அன்றைக்குப் புதைக்க அவனிடம் ஒன்றுமே இல்லை.

இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் இரண்டுக்கும் வேண்டியதை முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். ஆபத்து வந்தபின் தேடினால் அடுத்தவர் வீடுதான் முதலில் மூழ்கும்.