வராதவருக்கு வைத்த சோறு

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைச் செங்கதிர்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் மீசையில் முதல் நரை கண்ட நாளிலிருந்து பழசு எதைப் பார்த்தாலும் அவனுக்கு எரிச்சல். வயதாகிவிட்டது என்று பட்டத்து யானையையே காட்டுக்கு விரட்டிவிட்டான்.

இதுதான் சமயமென்று பார்த்தார் சபை அதிகாரி ஏகாம்பரம். அரண்மனையில் ஆடும் குழல்வாய்மொழிக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த இடத்தில் தன் அண்ணன் மகள் பூங்கோதையை ஏற்றிவிட அவருக்கு வெகுநாள் ஆசை. ஐம்பது தாண்டியவள் காதலனுக்காக ஏங்கி ஆடினால் அண்டை நாட்டார் சிரிப்பார்கள் என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா போட்டி வைத்தான். தோற்றவளுக்குச் சபையில் இடமில்லை.

குழல்வாய்மொழிக்கு அது பதினாறு வயதில் ஏறிய மேடை. முழங்கால் வேறு நாலு நாளாக வீங்கிக் கிடந்தது. யோசித்துவிட்டு ராஜாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: 'இன்னும் வரவில்லையே அவர்' என்ற ஒரே வரிக்கு இருவரும் உட்கார்ந்தபடியே அபிநயம் பிடிக்கவேண்டும். ராஜா சம்மதித்தான்; ஏகாம்பரமும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பூங்கோதை வாசலைப் பார்த்தாள், சினந்தாள், மாலையைப் பிய்த்தெறிந்து அழுதாள். சபை கொண்டாடியது. பெண் நன்றாகத்தான் செய்கிறாள் என்று குழல்வாய்மொழிக்கே தோன்றியது.

அடுத்து அவள் முறை. வெறுங்கையாலேயே வட்டில் வைத்துச் சோறு பரிமாறினாள். காலடி கேட்டு முந்தானையைச் சரிசெய்தாள், வந்தது அவரில்லை. சோற்றைத் தொட்டுப் பார்த்தாள், ஆறியிருந்தது. பசி தாங்காமல் ஒரு கவளம் எடுத்தாள். வாய்வரை போன கை நின்றது. கவளத்தைத் திரும்ப வைத்து, வட்டிலை மூடினாள்.



"இதில் காதல் எங்கே இருக்கிறது?" என்றார் ஏகாம்பரம்.

"இருபது வயதில் அவர் வராவிட்டால் கோபம் வரும், ஐயா. ஐம்பதில், எங்கேயாவது சாப்பிட்டாரோ இல்லையோ என்று கவலை வரும். நான் இரண்டும் பட்டவள்."

"அப்படியானால் வயதாகி நீ எதையும் இழக்கவில்லையா?" என்று கேட்டான் ராஜா.

"முழங்காலை இழந்தேன், மகாராஜா. பயத்தையும் பாதி இழந்தேன். அதனால்தான் உங்கள் முன்னால் இப்படிப் பேச வாய் வருகிறது."

ராஜா சிரித்துவிட்டான். உயிருள்ளவரை மேடை அவளுடையது என்றான். பூங்கோதையையும் சபையிலேயே இருக்கச் சொன்னான். மாதந்தோறும் குழல்வாய்மொழி வீட்டுக்கு முழங்கால் தைலம் சுமந்துபோகும் வேலை ஏகாம்பரத்துக்கு வாய்த்தது.

ராஜா ராணியோடு சாப்பிட்டு எட்டு மாதமாகியிருந்தது. அன்று சபை கலையுமுன்பே எழுந்து அந்தப்புரம் போனானாம்.

"நான் சாப்பிட்டாயிற்று. உங்களுக்காகக் காத்திருக்கிற வயதையெல்லாம் தாண்டிவிட்டேன்" என்றாளாம் ராணி. சொல்லிக்கொண்டே மணையை எடுத்துப் போட்டாளாம்.