பத்து எண்ணும்வரை

காஞ்சிபுரத்தில் சர்வதீர்த்தக் குளக்கரையில் ஒரு சின்ன மடம். அதை நிறுவிய திருவோட்டுச் சாமியின் முகம் எப்படியிருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பூசையில் இருப்பது அவருடைய திருவோடு மட்டும்தான்.

சர்வே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மடமே கதி என்று வந்துவிட்ட தணிகாசலத்துக்கு இது பொறுக்கவில்லை. கண்ணை மூடுவதற்குள் அந்த முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் காஞ்சிக்கு வந்து படம் பிடித்துப் போன வெள்ளைக்காரர்களின் ஊர் நூலகங்களுக்கெல்லாம் பதினோரு வருஷம் கடிதம் எழுதினார். கோபுரம் வந்தது, தேர் வந்தது, குளம் வந்தது. சாமி மட்டும் வரவில்லை.

குருபூசைக்கு முந்தின நாள் காலையில் சாமியும் வந்து சேர்ந்தார். உறையைப் பிரித்த தணிகாசலத்துக்கு முகம் தொங்கிப்போனது. மாமரத்தடியில் ஐந்து பேர். நாலு பேருடைய மீசை முடியைக்கூட எண்ணிவிடலாம். நடுவில், மடியில் திருவோட்டோடு இருந்தவர் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி கலங்கிக் கிடந்தது.

படம் பிடித்தவரின் குறிப்பையும் நூலகத்தார் அனுப்பியிருந்தார்கள். பத்து எண்ணும்வரை அசைய வேண்டாம் என்று சொல்லியும் நடுவிலிருந்தவர் கேட்காமல் அசைந்துவிட்டாராம், அதனால்தான் முகம் கலங்கிப்போனதாம்.

மடத்தின் தலைவி மரகதம்மாள் தணிகாசலத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். தணிகாசலம் படத்தை அவரிடம் நீட்டினார்.

“இத்தனை பாடுபட்டும் முகம் கிடைக்கலையேம்மா.”

அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு தணிகாசலத்தை எதிரே மணையில் உட்காரச் சொன்னார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அதன்மேல் ஒரு சொம்பைப் படுக்கவைத்து, அந்தக் காலத்துப் படம் பிடிப்பவர் மாதிரி கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதன் பின்னால் குனிந்தார்.

“அசையக் கூடாது. பத்து எண்ணுவேன்.”

தணிகாசலம் விறைப்பாக உட்கார்ந்தார். மடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கம்பளிக்குள்ளிருந்து எண்ணிக்கை வந்தது. நாலில் ஒரு தும்மல். ஐந்தில் இன்னொன்று. ஆறில் சொம்பு உருண்டு விழுந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து அதைத் தேடித் தரையெல்லாம் துழாவியது. எண்ணிக்கை மட்டும் நிற்கவில்லை.

ஏழு தணிகாசலத்தின் காதில் விழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, தலை ஆட, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அடக்க அடக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. அவருக்கே அது சந்தோஷமாக இருந்தது.

அம்மா கம்பளியை விலக்கினார். முடியெல்லாம் கலைந்திருந்தது. படத்தை எடுத்துத் தணிகாசலத்தின் கையில் திரும்ப வைத்தார்.

“இப்போ பாருங்கய்யா. முகம் தெரியுதா?”