மூன்று கிட்டார்களுக்கு இடம்

பெரம்பூரில் பிரிசில்லா டீச்சரிடம் கிட்டார் கற்றவர்களில் வயதில் மூத்தவர் பாக்கியநாதன். சீடருக்கு அறுபத்திரண்டு வயது, குருவுக்கு முப்பது.

சீடரிடம் பதினோரு எலக்ட்ரிக் கிட்டார்கள் இருந்தன. பதினொன்றும் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனி புது மாடல் விட்டால் போதும், இவருக்கு இருப்புக் கொள்ளாது. வாசிக்கத் தெரிந்த பாட்டுகள் மட்டும் நான்கிலேயே நின்றிருந்தன.

அவர் மகனோடு பெங்களூருக்குக் குடிபோக வேண்டி வந்தது. அங்கே அவருக்கென்று ஒதுக்கிய அறையில் கட்டிலும் பீரோவும் போக மூன்று கிட்டார்கள் வைக்கத்தான் இடம். மற்ற எட்டையும் டீச்சரின் மாணவர்களுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எந்த மூணுன்னு நீங்களே வந்து சொல்லுங்க டீச்சர். தப்பா எடுத்துட்டுப் போயிட்டா காலம் பூரா மனசு அடிச்சுக்கும்.”

டீச்சர் அவர் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கிட்டார்கள். பாக்கியநாதன் ஒரு நோட்டை நீட்டினார். சத்தத்துக்கு, பிடிமானத்துக்கு, நிறத்துக்கு என்று மதிப்பெண் போட்டிருந்தார். முதலிடத்தில் ஏழு கிட்டார்கள் இருந்தன.

“வாசிங்க சார்.”

ஒவ்வொன்றாக ஒலியைக் கூட்டும் ஆம்ப்பில் சொருகி வாசித்தார். எல்லாமே கணீரென்று ஒலித்தன.

“பாத்தீங்களா? இதுல எதை விடுறது?”

டீச்சர் எழுந்து போய் ஆம்ப்பை அணைத்தார்.

“ஐயோ, இது எலக்ட்ரிக் கிட்டார் டீச்சர். கரண்ட் இல்லாம கொசு கத்துற மாதிரில்ல கேக்கும்!”

“கேக்கட்டும். மறுபடியும் ஒவ்வொண்ணா வாசிங்க. நான் டீ போட்டுட்டு வரேன்.”

சமையலறையில் நின்றபடி டீச்சர் காது கொடுத்தார். இரண்டு மீட்டல், பிறகு கீழே வைக்கும் சத்தம். இன்னொன்று. மறுபடியும் கீழே வைக்கும் சத்தம். பால் பொங்கும் நேரத்தில் கீழே வைக்கும் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

டீயைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார். பாக்கியநாதன் கவனிக்கவில்லை. மடியில் ஒரு பச்சைக் கிட்டார் இருந்தது. மற்ற பத்தின் மேலும் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்காமல் பளபளத்தது. இதில் தாள் இல்லை. சட்டைப் பொத்தான் உரசிய கீறல்கள்தான் இருந்தன.

அவர் ஐந்தாவதாக ஒரு பாட்டைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் தடுக்கியது. திரும்ப முதலிலிருந்து வந்தார். மறுபடியும் தடுக்கியது. டீயின் மேல் ஆடை படிந்தது.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

“எப்ப வந்தீங்க டீச்சர்?”

“டீயே ஆறிப்போச்சு சார்.”

அவர் மடியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பச்சை அதில் கடைசியில் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கீறல்களைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பிறகு சுவரை ஏக்கத்தோடு பார்த்தார்.

“சரி, ஒண்ணு கிடைச்சிருச்சு. இன்னும் ரெண்டுக்கு இடம் இருக்கே டீச்சர்?”

“அங்க உக்காந்து வாசிக்க ஒரு நாற்காலி போட்டுக்கங்க சார்.”