புனுகு பூசிய பரிசல்

ஊசியான் என்ற முள்ளம்பன்றியின் மனைவி குழலியும் இரண்டு பச்சைக் குட்டிகளும் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டில் மாட்டிக்கொண்டன. கோடையில் ஆறு வறண்டு கிடந்தபோது நடந்தே போய் அங்கே வளை தோண்டிய குடும்பம் அது. இந்த வருடம் மலையில் மழை முந்திக்கொண்டது. கரைக்குக் கிழங்கு தேடி வந்த ஊசியான் திரும்புவதற்குள் வெள்ளம் குறுக்கே புகுந்துவிட்டது.

"தண்ணி ஏறுதுங்க! சீக்கிரம் வாங்க!" என்று குழலி திட்டிலிருந்து கத்தியது.

அந்த வேகத்தில் நீர்நாய்கள்கூடத் தாங்கள் கரையேறினால் போதும் என்றிருந்தன. அப்படியே நீந்திப் போனாலும் முள் உள்ள குட்டியை எந்த வாய் கவ்வும்? பரிசல் ஒன்றுதான் வழி. அந்த ஆற்றுத் துறையில் பழைய பரிசல்களை வாங்கி, செப்பனிட்டு விற்பது சவ்வாதன் என்ற புனுகுப்பூனை மட்டும்தான்.

ஊசியான் அங்கே ஓடியது. சவ்வாதன் ஒரு பரிசலைக் காட்டியது. மூங்கில் பின்னல், அடியில் கமுகம்பாளை, அதன்மேல் பளபளவென்று குங்கிலியப் பூச்சு. கிட்டே போனாலே கமகமவென்று மணந்தது.

"ஒரே ஒரு கொக்குதான் அண்ணே இதுல போயிட்டு வந்துது! கொக்குக்கு என்ன கனம் இருக்கப் போகுது? புதுசு மாதிரி!" என்றது சவ்வாதன்.

ஊசியான் முகர்ந்து பார்த்தது. மண்ணுக்கடியில் அழுகிய கிழங்கைக்கூட மேலே நின்றே கண்டுபிடித்துவிடும் மூக்கு அது. ஆனால் பரிசல் முழுக்கப் புனுகு வாசனை. வேறு எதுவும் தெரியவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பரிசலை விற்பவர் தன் சொந்தக் குட்டிகளை அதில் ஏற்றி, நடு ஆறு வரை போய்த் திரும்ப வேண்டும். அதன் பிறகுதான் வாங்குபவர் ஈர மண்ணில் கால் பதித்து, 'பார்த்து வாங்கினேன்' என்று சொல்வார்; அப்புறம் குறை சொல்ல முடியாது. குட்டி ஏற்றாத பரிசலை யாரும் தொடமாட்டார்கள்.

"குட்டிகளைக் கூப்பிடுங்க" என்றது ஊசியான்.

சவ்வாதனின் முகம் வாடியது. "அதை ஏன் கேக்குறீங்க அண்ணே! ரெண்டுக்கும் நெருப்பாக் காய்ச்சல். தண்ணிக் காத்துல கொண்டுவந்தா தாங்காது. நீங்களும் ஒரு தகப்பன்தானே?"

வியாபாரிகளின் குட்டிகளுக்கு நேரம் பார்த்துத்தான் காய்ச்சல் வரும்! ஆனால் ஊசியானுக்கு அப்போது தன் குட்டிகள்தான் கண்ணில் நின்றன. மனம் இளகிவிட்டது.

"ஐயோ பாவம், வேண்டாம்! நான் நம்புறேன்" என்றது. கோடை முழுக்கத் தோண்டிச் சேர்த்த கிழங்குக் குவியலைக் கொடுத்தது. மண்ணில் கால் பதித்து, 'பார்த்து வாங்கினேன்' என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தது.

பாதி ஆற்றில் காலடியில் சில்லென்றது. அடுத்த நொடி அடிப்பாளை பொத்துக்கொண்டது. பரிசல் நிறைந்து கவிழ்ந்தது. ஊசியான் அதன் விளிம்பைக் கடித்துக்கொண்டே வெள்ளத்தோடு போய், ஒரு நாணல் புதரில் சிக்கிக் கரையேறியது. திட்டில் குழலி அலறிய அலறல் அக்கரை வரை கேட்டது. குட்டிகள் இன்னும் அங்கேதான் இருந்தன. தண்ணீர் வளையின் வாசலைத் தொட்டுவிட்டது.

புதரோரம் மீன் பார்த்துக்கொண்டிருந்த நாரை ஓடிவந்தது. "நல்லவேளை, உசிரு தப்பிச்சே! ரெண்டு பாளையை வெச்சு அடைச்சுத் தரட்டுமா? அந்தப் பூனைகிட்டப் போய் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாதுப்பா."

"தொடாதே!" என்றது ஊசியான். "இது எப்படிக் கிடக்குதோ அப்படியே நாலு பேர் பார்க்கணும்."

நனைந்த பரிசலைத் துறைக்கு இழுத்தது. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டது. துறைக்குத் தலைவி ஒரு நீர்நாய். துறையம்மா என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். ஊசியான் நடந்ததைச் சொன்னதும் அது சவ்வாதனை அங்கேயே வரவழைத்தது.

சவ்வாதன் வந்ததும் வராததுமாகக் கத்தியது. "அம்மா, இவன் உடம்பைப் பாருங்க! அத்தனையும் ஊசி! இவன் முள்ளு குத்திக் கிழிஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

கூடியிருந்த விலங்குகள் ஊசியானின் முதுகைப் பார்த்தன. சில தலையை ஆட்டவும் செய்தன. 

துறையம்மா பரிசலைக் கவிழ்த்துப் போட்டது. கிழிசல் ஒரு பாதம் அகலம் இருந்தது. ஓரமெல்லாம் கறுத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. சுற்றிலும் வெளிப்பக்கத்தில் தேன்மெழுகும் சாம்பலும் குழைத்து அப்பிய தடம்.

"முள்ளு குத்தும். மெழுகு பூசுமா?" என்று கேட்டது துறையம்மா. "பாளை எப்பவோ அழுகிப் போயிருக்கு. நாத்தம் தெரியாம இருக்கப் புனுகைத் தடவியிருக்கே!"

சவ்வாதன் விடவில்லை. "இருக்கட்டும்மா! பார்த்து வாங்கினேன்னு கால் பதிச்சானா இல்லையா? தடம் இதோ கிடக்கு!"

"அவன் பார்த்தது பூச்சை. பூச்சுக்கு அடியில நீ ஒளிச்சதை எந்தக் கண்ணு பார்க்கும்? இதே தொழிலா இருக்கிற உனக்குத் தெரியாம அது அங்கே வரலை."

புனுகுப்பூனையின் குரல் இறங்கியது. "சரிம்மா. ஆனது ஆச்சு. இதையே மறுபடி நல்லா மெழுகித் தந்துடறேன். கல்லு மாதிரி இருக்கும்!"

 துறையம்மா மெதுவாகக் கேட்டது. "குட்டிகளுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

சவ்வாதன் வாய் திறப்பதற்குள் இரண்டு புனுகுக் குட்டிகளும் கூட்டத்துக்குள்ளிருந்து துள்ளி வந்து அப்பனின் வாலைப் பிடித்து இழுத்தன.

"நல்லாயிடுச்சு போலிருக்கே. சந்தோஷம்! மெழுகு. மெழுகிட்டு இதுங்களை ஏத்தி நடு ஆறு வரைக்கும் போயிட்டு வா."

சவ்வாதன் ஓடுகிற ஆற்றைப் பார்த்தது. காலடியில் விளையாடிய குட்டிகளைப் பார்த்தது. இரண்டையும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

"வேண்டாம்மா!" என்றது. 



"உன் வீட்டுக்குன்னு வெச்சிருக்கியே, அந்தப் பரிசலைக் கொண்டுவா" என்றது துறையம்மா.

வந்த பரிசலில் வாசனை இல்லை, பளபளப்பும் இல்லை. ஊசியானுக்கு ஒவ்வொரு நொடியும் நெஞ்சில் இடித்தது. ஆனாலும் அது ஏறவில்லை.

"முதல்ல உன் குட்டிகள்" என்றது. "இந்தத் தடவை விடமாட்டேன்."

குட்டிகள் குதித்து ஏறின. சவ்வாதன் துடுப்புப் போட்டது. அதன் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஊசியானுக்கு மூச்சு வந்தது. பரிசல் நடு ஆற்றைத் தொட்டுத் திரும்பி, சவ்வாதன் குட்டிகளோடு இறங்கியதும் ஊசியான் பாய்ந்து ஏறித் துடுப்பை வாங்கிக்கொண்டது.

திட்டில் குழலி கழுத்தளவு தண்ணீரில் நின்றது. தலைக்கு மேலே தூக்கிய ஒரு மரக்கட்டையில் குட்டிகள் இரண்டும் ஒண்டிக் கிடந்தன. ஊசியான் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே வாங்கியது. நான்கும் கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது அங்கே திட்டு இல்லை. ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நீதி: பழுதை மறைத்து விற்றவன், வாங்கியவனின் 'பார்த்து வாங்கினேன்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது; தன் பிள்ளையை ஏற்றத் துணியாத பரிசலைப் பிறர் பிள்ளைக்கு விற்க எவனுக்கும் உரிமை இல்லை.